வெயில் காலத்தில் லேப்டாப் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் லேப்டாப் சர்வீஸ் கடைகளில் ஒரே பாட்டுதான்: "ரொம்ப சூடாகுது, ஹேங் ஆகுது, திடீர்னு ஆஃப் ஆயிடுது." மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள, ஏசி இல்லாத அறையில் வேலை செய்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியவை. மேக்புக்கில் வேறுபடும் இடங்களைத் தனியே குறித்திருக்கிறோம்.

லேப்டாப் எத்தனை டிகிரி வரை சூடானால் பயப்பட வேண்டாம்?

நாம் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் பிராசசர் என்ற முதன்மைச் சிப்பின் சூடு. கைக்குத் தெரியும் சூட்டை வைத்து அதைக் கணிக்க முடியாது. சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ், பிரவுசரும் வேர்டும் ஓடும்போது 50 முதல் 65, வீடியோ மீட்டிங்கில் 65 முதல் 80, கேம் அல்லது வீடியோ எடிட்டிங்கில் 80 முதல் 95. இந்த வரம்புக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசனுக்கு மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. வரம்பைத் தொட்டதும் சிப் எரிந்துபோவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம் "ஸ்லோ ஆகிவிட்டது" என்று சொல்வது பல சமயம் இதைத்தான். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். எச்சரிக்கை கூட வராமல் பட்டென்று இருண்டுபோகும் லேப்டாப் பெரும்பாலும் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட லேப்டாப்.

எனவே கேம் ஆடும்போது 90 வருவது செய்தியே அல்ல. ஒரு எக்செல் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது 90 வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

டிசம்பரில் நன்றாக இருந்த லேப்டாப் மே மாதத்தில் மட்டும் ஏன் கொதிக்கிறது?

ஃபேன் உள்ளே தள்ளுவது அறைக் காற்றைத்தான். அந்தக் காற்றின் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. ஒரே வேலைக்குச் சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அறை 24 டிகிரியில் இருக்கும்போது சிப் 78 காட்டியது என்றால் இடைவெளி 54. அதே அறை மே மாத மதியம் 37 டிகிரிக்குப் போனால் சிப் 91-ஐ ஒட்டி நிற்கும். லேப்டாப்பில் எதுவும் கெடவில்லை, அறைதான் மாறியது.

லேப்டாப் நிறுவனங்கள் பொதுவாக அறைச் சூடு 35 டிகிரி வரை என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கின்றன. ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 10 முதல் 35 டிகிரி என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது. வேலூர், திருத்தணிப் பக்கம் 40-ஐத் தாண்டுவது ஆண்டுதோறும் நடக்கிறது. கத்திரி வெயிலில் நம் அறை, தயாரிப்பாளர் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதுதான் நிலவரம். தூசியாலும் பழைய பேஸ்ட்டாலும் (சிப்பின் சூட்டைச் செம்புத் தகட்டுக்குக் கடத்த நடுவே பூசும் பசை) வந்து, குளிர்காலம் மறைத்து வைத்திருந்த குறையை வெயில் வந்து காட்டிக்கொடுக்கிறது.

சூட்டை எப்படி அளப்பது?

விண்டோஸில் ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜர் தனி கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், பிராசசர் சூட்டைக் காட்டாது. லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் போதும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். லேப்டாப்பை ஆன் செய்து 15 நிமிடம் எதையும் திறக்காமல் விட்டு ஒரு கணக்கு எடுங்கள். பிறகு பிராசசரை முழு வேகத்தில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையை 10 நிமிடம் ஓட்டி இன்னொரு கணக்கு. அறையின் சூட்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் முன்பு, பின்பு என்று ஒப்பிடுவது வீண். காலையில் சுத்தம் செய்துவிட்டு இரவில் அளந்து "8 டிகிரி குறைந்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. அதில் பாதியைக் குறைத்தது சாயங்காலக் கடல் காற்று.

திறக்காமலே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எந்தக் கடையில் கொடுப்பதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். சிப்பில் பிறக்கும் சூடு பேஸ்ட் வழியாகச் செம்புக் குழாய்க்குப் போகிறது. குழாய் அதை ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகட்டு வரிசைக்குக் கொண்டு போகிறது. தகடுகளுக்கு இடையே ஃபேன் காற்றைத் தள்ளி வெளியேற்றுகிறது. இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில்தான் அடைப்பு இருக்கும்.

லேப்டாப்பைக் கடுமையான வேலையில் போட்டு, காற்று வெளிவரும் வாயில் கையை வையுங்கள்.

ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று மெலிதாக, மிகச் சூடாக வருகிறது என்றால் தகட்டு வரிசையைத் தூசி அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

ஃபேன் இரைகிறது, காற்றும் நன்றாக வருகிறது, ஆனால் அது வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது, மென்பொருளோ 97 காட்டுகிறது என்றால் சூடு சிப்பை விட்டே கிளம்பவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் செம்புத் தகடும் குழாயும்) சரியாக உட்காரவில்லை. அபூர்வமாகச் செம்புக் குழாயே பழுதாகியிருக்கும்.

சத்தமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் ஃபேன் ஓடவில்லை. கரகரவென்ற சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, நல்ல சூடான காற்று பலமாக வருகிறது, ஆனால் நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்றால் கோளாறு சாமானில் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் ஏதோ மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஒன்றும் செய்யாதபோதே ஃபேன் கத்துகிறதே?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (பிராசசர்) என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். பிரவுசரில் திறந்து மறந்துபோன 40 டேப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், இவைதான் வழக்கமான ஆட்கள். பெரிய அப்டேட் முடிந்தபின் ஃபைல்களை அட்டவணைப்படுத்தும் வேலை சில மணி நேரம் பின்னணியில் ஓடும். அதை விட்டுவிடுங்கள், தானே ஓயும்.

இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நீக்கிவிடுங்கள். ஒன்று தொட்ட ஃபைலை இன்னொன்று சோதிக்கும். அதை முதலாவது மறுபடி சோதிக்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி கத்தினால் சந்தேகப்பட வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்டும் திருட்டு மென்பொருள்களில் சில இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். கிராக் செய்த மென்பொருள் போட்ட லேப்டாப்பில் இது நடந்தால் முழு ஸ்கேன் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

மெத்தையில் வைத்து வேலை செய்யலாமா?

கூடாது. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பகுதி வழியாகத்தான் காற்றை உறிஞ்சுகின்றன. ரப்பர் கால்கள் கொடுக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் அதன் மூக்கு. மெத்தை அதை அமுக்கிவிடும், போதாததற்குப் பஞ்சையும் நூலையும் உள்ளே அனுப்பும். படுக்கையில்தான் வேலை என்றால் ஒரு பரீட்சை அட்டையாவது அடியில் கொடுங்கள்.

மடியில் நேரடியாக வைத்துக்கொள்வது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, தோலுக்கும் கேடு. தினமும் மணிக்கணக்கில் அதே இடத்தில் சூடு பட்டால் தொடையில் வலைப்பின்னல் போல் சிவந்த தழும்பு விழும். மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

கூலிங் பேட் வாங்கலாமா?

முதலில் காசில்லாத வழியை முயன்று பாருங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை 2 அல்லது 3 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். இரண்டு பாட்டில் மூடிகள் போதும். மலிவான கூலிங் பேட் தரும் பலனில் பெரும்பகுதி, அது லேப்டாப்பை மேசையிலிருந்து தூக்கி நிறுத்துவதால் மட்டுமே கிடைக்கிறது. அதன் ஃபேன் கூடுதலாகச் சில டிகிரி குறைக்கும், அவ்வளவுதான்.

வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பைத் திருப்பி, காற்று உறிஞ்சும் துளைகள் எங்கே என்று பார்த்து, அதற்கு நேராக ஃபேன் வரும் பேடை வாங்குங்கள். அடியில் துளையே இல்லாத, கீபோர்டு வழியாகக் காற்று எடுக்கும் மாடலுக்குப் பேட் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள். வெளிவரும் காற்றை உறிஞ்சும் வகை, பக்கவாயில் மாட்டும் சின்னஞ்சிறு கருவிகள் எல்லா லேப்டாப்பிலும் இறுக்கமாகப் பொருந்துவதில்லை. இடைவெளி இருந்தால் அது அறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டு சும்மா சத்தம் போடும்.

மேசை ஃபேன் இருந்தால் பக்கவாட்டில் வையுங்கள். சூடான காற்று வெளியேறும் வாய்க்கு எதிராக ஊதும்படி மட்டும் வைக்காதீர்கள்.

தூசியை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? எப்படி?

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் செய்யலாம். வாரன்டி இருந்தால் அதன் நிபந்தனையை முதலில் படியுங்கள். சில மாடல்களில் ஸ்க்ரூ மேல் ஒட்டிய சீலைக் கிழித்தால் சிக்கல் வரும்.

தேவையானவை: பிஎச்0, பிஎச்00 அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய ஏடிஎம் கார்டு, மென்மையான பெயின்ட் பிரஷ், கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் ஊதுபந்து. சில டெல் மாடல்களுக்கு டி5 டார்க்ஸ் முனையும், மேக்புக்குக்கு ஐந்திதழ் முனையும் தேவைப்படும். தவறான முனையைப் போட்டு ஸ்க்ரூ தலையை மழுங்கடித்தால் அதைக் கழற்ற ஒரு நாள் போகும்.

1. லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். ஸ்லீப்பில் இருந்தால் போதாது.

2. அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எங்கிருந்தது என்பதை ஒரு தாளில் படம் போட்டு அதன் மேலேயே வையுங்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும். குட்டையின் இடத்தில் நீளத்தை முறுக்கினால் அது கீபோர்டு பக்கம் மேலே துருத்தும், சமயத்தில் போர்டையே துளைக்கும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறந்துவிட்டு மூடியை நெம்பி உடைப்பவர்கள் ஏராளம்.

3. ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து சுற்றிவர நகர்த்துங்கள். கிளிப்புகள் டப் டப் என்று விடுபடும்.

4. முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக்கைப் பிடித்து நகர்த்துங்கள். பிறகு பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

5. ஃபேன் இறக்கைகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷால் துடையுங்கள்.

6. இப்போதுதான் முக்கியமான இடம். ஃபேனுக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இது போகாது, இன்னும் இறுகும். முடிந்தால் ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபேனைத் தூக்கி, அந்தக் கம்பளியை முழுசாக உரித்து எடுங்கள். பல மாடல்களில் ஹீட்சிங்கைத் தொடாமலே ஃபேனை எடுக்க முடியும். முடியாத மாடல் என்றால் பேஸ்ட்டும் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

7. மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி, ஒரு தடவை ஆன் செய்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில், அல்லது தினமும் சாம்பிராணி போடும் வீட்டில் இருந்த லேப்டாப்பில் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும். பிரஷ் மட்டும் போதாது, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி வேண்டும். பனியன் தொழில் நடக்கும் ஊர்களில் பஞ்சுத்தூள் 3 மாதத்திலேயே அடைத்துவிடும். மற்ற இடங்களில் வருடத்துக்கு ஒரு முறை, பங்குனி வாக்கில் செய்தால் போதும். கரப்பான் குஞ்சுகளும் எறும்பும் உள்ளே குடியிருந்தால் திகைக்க வேண்டாம். கதகதப்பான இடம், அவையும்தான் என்ன செய்யும். மருந்து மட்டும் உள்ளே அடித்துவிடாதீர்கள்.

கடைகளில் ப்ளோயர் வைத்து வெளியிலிருந்தே ஊதுகிறார்களே, அது சரியா?

ஃபேனைப் பிடிக்காமல் பலமாக ஊதினால் அது வடிவமைத்த வேகத்தைத் தாண்டிச் சுற்றும், பேரிங் கெடும். சுற்றும் மோட்டார் மின்சாரத்தையும் உண்டாக்கி போர்டுக்குத் திருப்பி அனுப்பும். தூசி வெளியே வராமல் உள்ளேயே வேறு மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனை நிலைமின்சாரத்தை உண்டாக்கும், உள்ளே கொண்டு போக வேண்டாம். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று நல்லதுதான். டப்பாவைச் சாய்க்காமல், சின்னச் சின்ன அழுத்தங்களாக அடிக்க வேண்டும். சாய்த்தால் உறைகுளிர் திரவம் பீய்ச்சும்.

தெர்மல் பேஸ்ட்டை எப்போது மாற்றுவது, எவ்வளவு வைப்பது?

கண்ணாடி போலத் தெரியும் சிப்பின் மேற்பரப்பும் செம்புத் தகடும் உண்மையில் மேடு பள்ளமானவை. இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று சூட்டைக் கடத்துவதில் படுசோம்பேறி. நல்ல பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் கடத்தும். ஆனால் செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் சோம்பேறிதான். ஆகவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மேல் அது இருக்கக் கூடாது.

காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டாம். 3, 4 வருடம் ஆகி, மேலே சொன்ன கை வைத்துப் பார்க்கும் சோதனையில் "காற்று வெதுவெதுப்பு, சிப் கொதிப்பு" என்று வந்தால் மாற்றுங்கள்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பின்னிருந்து முன்னாக, மாட்டும்போது முன்னிருந்து பின்னாக. ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முறுக்காமல், எல்லாவற்றையும் பாதி பாதியாக இறுக்கி வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுசாக இறுகினால் சிப்பின் மூலை உடைந்துபோகக் கூடும். டெஸ்க்டாப் பிராசசருக்கு இருப்பது போல உலோக மூடி இதற்கு இல்லை, வெறும் சிலிக்கான்.

ஹீட்சிங்க் வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஸ்க்ரூக்களையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, லேப்டாப்பை 5 நிமிடம் ஓட்டி, பேஸ்ட் இளகியதும் அணைத்து, அவற்றை மறுபடி கழற்றிவிட்டு, மெல்ல இடம் வலமாக அசைத்தால் வந்துவிடும்.

பழைய பேஸ்ட்டைத் துளியும் மிச்சமில்லாமல் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஆறவிட்டு, புதியதை வையுங்கள். அளவு ஒரு அரிசி மணியிலிருந்து சின்னப் பட்டாணி வரை, சிப்பின் பரப்பைப் பொறுத்து. லேப்டாப் சிப்பில் பேஸ்ட்டை பிளாஸ்டிக் அட்டையால் முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பூசிவிடுவதே பாதுகாப்பு. மூலையில் பேஸ்ட் படாமல் விட்டால் அந்த மூலை மட்டும் கொதிக்கும். பற்பசை, வாசலின் வைத்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து ரசிக்கலாம், பின்பற்றக் கூடாது. சில நாளில் காய்ந்து ஓடாகிவிடும்.

எந்த பேஸ்ட் என்று கேட்பவர்களுக்கு: தண்ணீராக ஓடும் பேஸ்ட்டைவிட, சற்றுக் கெட்டியாக இருப்பது லேப்டாப்புக்கு நல்லது. சூடேறி ஆறும்போதெல்லாம் உலோகம் விரிந்து சுருங்க, இளகிய பேஸ்ட் சிறிது சிறிதாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். இதற்கு ஹனிவெல் தயாரிக்கும் பிடிஎம் 7950 என்ற தாள் நல்ல மாற்று. அறைச் சூட்டில் திடமாக இருந்து, சுமார் 45 டிகிரியில் இளகிப் படியும். பிதுங்குவது மிகக் குறைவு. போலிகள் நிறைய உலவுவதால் விற்பவரைப் பார்த்து வாங்குங்கள்.

லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். காலியம் கலந்த அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி வழிந்தால் போர்டு போய்விடும்.

பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிட அதிகமாகச் சூடாகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் தெர்மல் பேட்தான் காரணம். கிராபிக்ஸ் மெமரி, மின்சாரச் சுருள்கள் மேல் சாம்பல் அல்லது நீல நிறத்தில் மெத்தென்ற பட்டைகள் இருக்கும். 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் எனப் பல தடிமனில் வரும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும், சிப்பின் மேல் அழுத்தம் போய்விடும். கிழியாத பழைய பட்டைகளை அப்படியே திருப்பி வைப்பது உத்தமம். கடைக்காரர் பட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் பேஸ்ட்டை அப்பியிருந்தால் அது இன்னொரு தொல்லை. பேஸ்ட்டால் 1 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்ப முடியாது.

பட்டை சரி என்றால் ஃபேன் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது.

செட்டிங்கில் மாற்றிச் சூட்டைக் குறைக்க முடியுமா?

முடியும், காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய பலன் இதுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்று போய் 100 என்பதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பல இன்டெல் லேப்டாப்களில் 100-க்குக் கீழே வந்தாலே டர்போ வேகம் (பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுவது) நின்றுவிடும். சூடு 10, 20 டிகிரி சட்டென்று இறங்கும்.

விலையும் உண்டு. ஐ5 1235யு போன்ற பிராசசரின் அடிப்படை வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ்தான், டர்போவில் 4.4 வரை போகும். டர்போவை நிறுத்தினால் அது மாட்டு வண்டி. பெயரில் ஹெச் எழுத்து வரும் பழைய 45 வாட் பிராசசர்களில் அடிப்படை வேகமே 2.5-ஐ ஒட்டி இருப்பதால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. புதிய லேப்டாப் சிலவற்றில் இந்த வரியே காணப்படாது. அங்கே செட்டிங்ஸில் பவர் மோடை "பெஸ்ட் பவர் எஃபிசியன்சி" என்று வைத்தால் நடுத்தரப் பலன் கிடைக்கும். லெனோவாவின் பல மாடல்களில் எஃப்என், க்யூ பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அமைதி முறைக்கு மாறும்.

கேம் ஆடுபவர்களுக்கு இன்னொரு வழி: ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். மெனு திரையில் நின்றுகொண்டிருக்கும்போது 300 ஃபிரேம் வரைந்து தள்ளிக் கொதிக்கும் லேப்டாப்கள் உண்டு.

அண்டர்வோல்ட் செய்யலாமா?

த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, வேகம் குறையாமலே சூட்டைக் குறைப்பது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு இன்டெல்லும் லேப்டாப் நிறுவனங்களும் அந்தக் கதவைப் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் பெரும்பாலும் பூட்டிவிட்டன. உங்கள் மாடலில் திறந்திருந்தால் 10 மில்லிவோல்ட் படிகளாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் சோதியுங்கள். நீலத்திரை வந்தால் 20 மில்லிவோல்ட் மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

மூடிப் பையில் வைத்தேன். எடுத்தால் கொதிக்கிறது, சார்ஜும் காலி. ஏன்?

புதிய விண்டோஸ் லேப்டாப்களில் மூடியை மூடினால் முழுத் தூக்கம் வருவதில்லை. ஃபோன் போல அரைத்தூக்கத்தில் இருந்து, இடையிடையே விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். பைக்குள் காற்று ஏது? மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணைவது) ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றி வையுங்கள், அல்லது கிளம்பும் முன் ஷட்டவுன் செய்யுங்கள். அந்தப் பையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போவது இதைவிட மோசம். மூடிய காருக்குள் 60 டிகிரி எட்டுவது அதிசயமல்ல.

எப்போதும் சார்ஜில் போட்டே வைத்திருக்கிறேன். பேட்டரிக்குச் சூடு ஆகுமா?

சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால்தான் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஒரு வருடம் கிடந்த லித்தியம் அயான் பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 35 சதவீதத்தை இழக்கும். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் இழப்பு சுமார் 15 சதவீதம். அறைச் சூட்டை நம்மால் மாற்ற முடியாவிட்டாலும் சார்ஜ் அளவை மாற்றலாம். லெனோவா வான்டேஜில் கன்சர்வேஷன் மோடு, மை ஆசூஸில் பேட்டரி கேர், டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸிலேயே ஒரு தேர்வு. இவை மாடலைப் பொறுத்து 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடும்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாக மூடாவிட்டால், சமதளத்தில் வைத்தால் ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜைக் கழற்றி அணையுங்கள். அழுத்தித் தட்டையாக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைக்கலாமா? ஐஸ் பேக்?

இரண்டும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதுதான் போர்டின் மேல் நடக்கும். சென்னை போன்ற கடலோர ஊரின் கோடைக் காற்றில் 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்த பொருள் மேலேயே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. கொதிக்கும் லேப்டாப்புக்குச் சரியான முதலுதவி, வேலையைச் சேமித்து, அணைத்து, மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் காற்றில் 20 நிமிடம் விடுவது.

மேக்புக் ஏரில் ஃபேனே இல்லையே?

2020 கடைசியில் வந்த எம்1 மாடல் முதல் ஏரில் ஃபேன் கிடையாது. அதன் அலுமினிய உடம்பே ஹீட்சிங்க். கனமான வேலையில் சில நிமிடங்கள் கழித்து வேகத்தைக் குறைத்துக்கொள்வது அதன் இயல்பு, பழுதல்ல. அதற்குப் போர்வை போர்த்துவது போல ஒட்டும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டு, கல் அல்லது உலோக மேசையில் வையுங்கள். தூசி சுத்தம் செய்யும் தேவை மட்டும் இதற்கு அநேகமாக இல்லை.

ஆன் செய்ததும் ஃபேன் எரர் என்று வருகிறது.

ஹெச்பியில் 90பி என்ற எண்ணோடு, திங்க்பேடில் "ஃபேன் எரர்" என்ற சொல்லோடு வரும். ஃபேன் சுற்றவில்லை என்று பொருள். எண்டர் தட்டிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் சுத்தம் செய்து, ஒயர் பிடிப்பைச் சரி பாருங்கள். அப்படியும் வந்தால் ஃபேனை மாற்றுங்கள். வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரைச் சொன்னால் போதாது. ஃபேனின் ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லுங்கள். ஒரே மாடலில் கிராபிக்ஸ் கார்டு உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு ஃபேன் வரும். பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விடுவது ஒரு வாரத்துக்கு உதவும், பிறகு தூசியை இழுத்துக்கொண்டு மொத்தமாக இறுகும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை இன்னும் ஓட்டுகிறோம். என்ன செய்வது?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அப்போது வந்தவை இன்னும் பல வீடுகளில் தம்பி தங்கைகளின் கையில் இருக்கின்றன. இவற்றில் சூட்டைக் குறைக்கச் சிறந்த முதலீடு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிஸ்க். சுழலும் ஹார்டு டிஸ்க் போய்விட்டால் அதன் சூடும் போகும், வேலையும் விரைவில் முடிந்து பிராசசர் ஓய்வெடுக்கும். அதோடு ஃபேன் சுத்தமும் புது பேஸ்ட்டும் போதும். ஹார்டு டிஸ்க்கையே வைத்திருப்பதானால் அது 50 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது?

"சூடாகுது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் விண்டோஸை மாற்றிப் போட்டுப் பணம் வாங்கும் இடங்களும் உண்டு. நீங்கள் எடுத்த இரண்டு கணக்கையும் காட்டுங்கள். ஃபேனைக் கழற்றித் தகட்டு வரிசையைச் சுத்தம் செய்வீர்களா, என்ன பேஸ்ட், பழைய பட்டைகளைத் திருப்பி வைப்பீர்களா என்று கேளுங்கள். முக்கியமான ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டே கொடுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே அதே சோதனையை 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கடை ஏசியில் இருந்தால் அந்த அறையின் சூட்டையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.